கிழநாய் ஓய்வதற்குள் குட்டி வரட்டும்!

பட்டிக்காவல் நாய்களுக்கு இடையே எத்தனை வயது இடைவெளி வேண்டும்?

போன மாதம் வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமத்தில் மண் பரிசோதனை முகாம். மண் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட விவசாயி ஒருவர், போகாமல் தயங்கி நின்றார்.

"ஏனுங்க சார், உரத்தைப் பத்தி இல்லீங்க. நாயைப் பத்தி ஒண்ணு கேக்கலாமுங்களா?"

கேளுங்கள் என்றேன். கொறங்காட்டில் நாற்பது செம்மறி வைத்திருக்கிறார். காவலுக்கு ஒரே நாய். அதற்கு 9 வயது. முந்தின வாரம் ராத்திரி, தெருநாய்க் கூட்டம் கிளுவை வேலியைத் தாண்டி உள்ளே புகுந்து ஆறு ஆடுகளைக் கடித்துப் போட்டிருக்கிறது. "நம்ம நாய் குரைச்சுதுங்க. ஆனா எந்திரிச்சு ஓட முடியலீங்க. விடிஞ்சு போய்ப் பார்த்தா, செத்த ஆடுங்களுக்குப் பக்கத்துலயே படுத்துக் கெடக்குது" என்றார். பேச்சு அதோடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே ஈத்துல ரெண்டு குட்டி சொல்லி வெச்சிருக்கறேனுங்க. ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா பலந்தானுங்களே?" என்று கேட்டார்.

இரண்டு வேண்டாம், ஒன்று போதும் என்றேன். ஏன் என்று அங்கே நின்றபடி முழுதாகச் சொல்ல முடியவில்லை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்களுக்கு ஆடுகளைப் பறிகொடுத்து, இழப்பீடு கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடிய விவசாயிகள் பலர். அவர்கள் எல்லாருக்குமே இந்தக் கேள்வி உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. நாய்களைப் பற்றி நான் கற்றதெல்லாம் எங்கள் தோட்டத்தில் செய்த தவறுகளில் இருந்துதான். ஊசி, மருந்து விஷயத்தில் உங்கள் ஊர் கால்நடை உதவி மருத்துவர் சொல்வதே முடிவு.

நாங்கள் செய்த இரண்டு தவறுகள்

2004-ல் எங்கள் அப்பா ஒரே ஈத்தில் இரண்டு ஆண் குட்டிகளைக் கொண்டுவந்தார். கருப்பன், வெள்ளையன். இரண்டும் ஒன்றாகத் தின்று, ஒன்றாகத் தூங்கி வளர்ந்தன. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நாங்கள் கூப்பிட்டால் இரண்டும் திரும்பிப் பார்க்காது. அதுக்கு அது துணை, இதுக்கு இது துணை. எங்கள் தேவையே அவற்றுக்கு இல்லை. எட்டாவது மாதத்தில் இரண்டும் சேர்ந்து ஆட்டுக்குட்டியைத் துரத்த ஆரம்பித்தன. தனி நாயாக இருந்தால் அதட்டினால் நின்றிருக்கும். இரண்டாக இருந்ததால் ஒன்றின் வேகம் மற்றதுக்கும் ஏறியது. ஒரு குட்டி கிணற்று மேட்டில் விழுந்து செத்தது.

ஒன்றே முக்கால் வயதில், பக்கத்துத் தோட்டத்துப் பெட்டைநாய் சினைப்பருவத்துக்கு வந்த சமயம், அண்ணன் தம்பி இரண்டும் மோதிக்கொண்டன. வெள்ளையனுக்கு ஒரு கண் போனது. அதன் பிறகு ஒன்றை ஒன்று பார்த்தாலே உறுமல்தான். வெள்ளையனை மாமா வீட்டுத் தோட்டத்துக்கு அனுப்பினோம். வண்டியில் ஏற்றியபோது அது என்னையே பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. தவறு நாயுடையது அல்ல, எங்களுடையது.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. தனியாக நின்ற கருப்பன் அருமையான காவல்காரனாகிவிட்டது. அதற்கு ஐந்து வயது இருக்கும்போதே இன்னொரு குட்டி வாங்கலாமா என்று கேட்டேன். "இது இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்கு?" என்றார் அப்பா. நானும் விட்டுவிட்டேன். குட்டி வந்தது கருப்பனின் 11-வது வயதில்தான். அந்தச் செவலைக் குட்டி நாள் முழுக்க கருப்பனின் காதைக் கடித்து இழுக்கும். வாலைப் பிடித்துத் தொங்கும். கருப்பனுக்கு இடுப்பு வலி, காதும் மந்தம். உறுமிப் பார்த்தது. நாங்கள் "சும்மா இரு" என்று கருப்பனைத்தான் அதட்டினோம். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த கருப்பன் மேல் குட்டி பின்னாலிருந்து பாய்ந்தது. திடுக்கிட்ட கருப்பன் குட்டியின் முகத்தைக் கவ்வ, விலக்கிவிடக் கை நீட்டிய என் மகளுக்கும் கடி விழுந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம்.

அடுத்த ஆண்டு கருப்பன் போய்விட்டது. செவலைக்கு அப்போது ஒரு வயது. உடம்பு வளர்ந்திருந்ததே தவிர புத்தி வளரவில்லை. அந்த வருடம் ஒரே ராத்திரியில் நான்கு ஆடுகளை இழந்தோம். செவலை சாளைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அதற்குச் சொல்லிக்கொடுக்க மூத்த நாய் இல்லை.

நாய்க்கும் ஒரு பயிர்க்கணக்கு

வயதான தென்னந்தோப்பை ஒரே நாளில் வெட்டிவிட்டுக் கன்று வைக்கச் சொல்லி நாங்கள் எந்த விவசாயிக்கும் பரிந்துரைப்பதில்லை. பழைய மரங்களுக்கு இடையிலேயே கன்றுகளை நட்டு, கன்று எழும்ப எழும்பப் பழைய மரங்களைச் சில ஆண்டுகளில் படிப்படியாக அகற்றச் சொல்கிறோம். வருமானம் ஒரு வருடம்கூட அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. பட்டிக்காவலும் அப்படித்தான்.

கணக்கு எளிது. ஒரு நாயை நம்பி ஆடுகளை விட, அதற்கு ஏறக்குறைய 2 வயது ஆக வேண்டும். அதுவரை விளையாட்டுத்தனம் போகாது. ராஜபாளையம் போன்ற பெரிய உடம்பு நாய்கள் 7, 8 வயதில் வேகம் குறையத் தொடங்கும். ஆக, ஒரு நாயின் நல்ல உழைப்புக் காலம் 2 முதல் 8 வயது வரை, ஆறு ஆண்டுகள்.

இப்போது இரண்டு குட்டிகளை ஒரே நேரத்தில் வாங்கினால் என்ன ஆகும்? முதல் 2 ஆண்டு இரண்டும் உதவாது. அடுத்த 6 ஆண்டு இரண்டும் உழைக்கும். அப்புறம் இரண்டும் சேர்ந்தே கிழடாகும். மருத்துவச் செலவும் சேர்ந்தே வரும், சாவும் அடுத்தடுத்து வரும். பட்டி ஒரேயடியாகக் காலியாகிவிடும்.

நான்கு ஆண்டு இடைவெளி விட்டுப் பாருங்கள். மூத்தது 4 வயதில் இருக்கும்போது குட்டி வருகிறது. மூத்தது 6 வயது, நல்ல பலத்தில் இருக்கும்போதே குட்டிக்கு 2 வயது ஆகிவிடும். பிறகு இரண்டு ஆண்டுகள் இரண்டும் சேர்ந்து காவல். மூத்தது 8 வயதில் ஓய்வுக்குப் போகும்போது இளையது 4 வயதில் உச்சத்தில் இருக்கும். அப்போது அடுத்த குட்டியைக் கொண்டுவரலாம். காவல் ஒருநாளும் அறுபடாது.

இடைவெளி ஆறு ஆண்டு என்றால், ஒன்று ஓயும் நாளில்தான் மற்றது தயாராகும். நடுவில் லாரியில் அடிபட்டோ, பாம்பு தீண்டியோ ஒன்று போய்விட்டால் தாங்க ஆள் இல்லை. எனவே 3 முதல் 5 ஆண்டு இடைவெளி நல்லது. ஆறைத் தாண்ட விடாதீர்கள்.

ஓர் ஆண்டு இடைவெளியும் சரிப்படாது. ஒரு வயது நாயே இன்னும் அரைப்பிள்ளை. அதனிடம் குட்டியை விட்டால் கற்றுக்கொள்வது குறும்பு மட்டுமே. முதல் நாய் நீங்கள் சொல்வதைக் கேட்டு நடக்கிறதா, ஆட்டைத் துரத்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குணம் படிந்த பிறகே அடுத்தது. மூத்ததிடம் இருக்கும் நல்லதும் கெட்டதும் அப்படியே குட்டிக்கு இறங்கும்.

ஏழால் பெருக்காதீர்கள்

நாயின் ஓர் ஆண்டு மனிதனுக்கு ஏழாண்டு என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியான கணக்கு இல்லை. முதல் ஆண்டு முடியும்போதே நாய் ஏறக்குறைய 15 வயதுப் பையன். இரண்டாம் ஆண்டு முடிவில் 24 வயது இளைஞன். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் நாலைந்து வயது கூடும். பெரிய உடம்பு நாய்களுக்கு இன்னும் வேகமாகக் கூடும். 4 வயது நாய் என்பது முப்பதைத் தாண்டிய குடும்பஸ்தன். சின்னப் பிள்ளையைச் சமாளிக்கப் பொறுமையும் தெம்பும் உள்ள வயது. 11 வயது நாய் பாட்டன். பாட்டன் முதுகில் ஏறி நாள் முழுக்க ஒரு குழந்தை குதித்தால் அவர் என்ன செய்வார்?

குட்டி வரும் நாளில்

தாயிடம் 8 வாரமாவது இருந்த குட்டியையே வாங்குங்கள். கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். ஒரு மாதக் குட்டியைப் பிடுங்கி வந்தால் அந்தப் பாடம் விட்டுப்போகும்.

முதல் சந்திப்பைப் பட்டிக்குள் வைக்காதீர்கள். அது மூத்த நாயின் எல்லை. தோட்டத்துக்கு வெளியே, வண்டிப்பாதையில், இரண்டையும் ஆளுக்கொருவர் கயிற்றில் பிடித்துக்கொண்டு சந்திக்க விடுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். முகர்ந்து பார்த்த பிறகு சேர்ந்தே உள்ளே நடத்திக் கொண்டுவாருங்கள்.

சோறு வைப்பதும் தடவிக்கொடுப்பதும் மூத்ததுக்கே முதலில். தட்டுகள் தனித்தனி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில். மூத்ததுக்குக் குட்டி வர முடியாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும். எங்கள் சாளையில் ஒரு கயிற்றுக் கட்டிலைச் செவலைக்கே விட்டுவிட்டோம். முதல் சில வாரங்கள் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் சேர்த்து விடாதீர்கள்.

மூத்த நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிதான் விழும். உறுமியதும் குட்டியை விலக்கி எடுங்கள். சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவில் விடவே கூடாது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், அல்லது ஒரு பலகையை இடையில் நுழையுங்கள்.

ஆட்டுப்பட்டிக்குப் போகும் குட்டி, 8 முதல் 16 வாரத்துக்குள் ஆடுகளின் வாசத்தோடும் சத்தத்தோடும் பழகிவிட வேண்டும். படலுக்கு இந்தப் பக்கம் கட்டிப் போட்டுப் பார்க்க விடுங்கள். பிறகு கயிற்றோடு உள்ளே நடத்துங்கள். ஆட்டைத் துரத்துவதை விளையாட்டு என்று ரசித்தால், பின்னால் அதைத் திருத்துவது கடினம்.

சோறு, ஊசி, பூச்சி மருந்து

இருவேறு வயது நாய்களுக்கு ஒரே சோறு ஒத்துவராது. நாலு மாதம் வரை குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அப்புறம் இரண்டு வேளை. வெறும் கஞ்சியிலும் ராகிக்களியிலும் எலும்பும் சதையும் பிடிக்காது. முட்டை, கறி, மீன் ஏதாவது சேர வேண்டும். கிழநாய்க்கு அளவு குறைவாகவும் மென்று தின்ன எளிதாகவும் இருக்கட்டும். கொழுக்க விட்டால் இடுப்பும் முட்டியும் சீக்கிரம் போய்விடும். வேகவைத்த கோழி எலும்பு, வெங்காயம், சாக்லெட் எந்த வயதுக்கும் கூடாது.

குட்டிக்குப் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசியும், வருடந்தோறும் மறு ஊசியும். பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். உங்கள் வாசலில் ஒரு குட்டி ரத்தக்கழிச்சலில் செத்திருந்தால், ஊசி முழுதாகப் போடாத குட்டியை அந்த இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். கிழநாய்தானே என்று அதன் ஊசியையும் விட்டுவிடாதீர்கள். தெருநாயோடு முதலில் மோதப்போவது அதுவாகவும் இருக்கலாம்.

ஆடு வளர்ப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நாடாப்புழு. அறுத்த ஆட்டின் பச்சைக் குடலையும் தலையையும் நாய்க்குப் போட்டால் அதன் வயிற்றில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை சாணத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து திரும்ப ஆட்டுக்குப் போகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும் மூளைக்கட்டி நோய் இப்படி வருவதுதான். இதே இனத்து இன்னொரு புழு மனிதருக்கும் ஈரலில் நீர்க்கட்டியை உண்டாக்கும். எனவே எல்லா வயது நாய்களுக்கும் ஒரே நாளில் குடற்புழு மருந்து கொடுங்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கழிவுகளை ஆழக் குழியில் புதையுங்கள்.

ஆணா, பெட்டையா?

மூத்ததுக்கு எதிர்ப்பாலாக இளையதை எடுத்தால் சண்டை குறைவு. ஆனால் பெட்டை 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அசந்தால் அப்பனுக்கும் மகளுக்குமே குட்டி பிறக்கும். வளர்க்க முடியாத குட்டிகளை யாரோ ஒருவர் ரோட்டோரம் விடுவார். இன்று நம் ஆட்டைக் கடிக்கும் கூட்டத்தில் நேற்று நாம் விட்ட குட்டியும் இருக்கும். கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். கருத்தடை செய்யாத வயதான பெட்டைக்குக் கருப்பையில் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

வாசகர் கேள்விகள்

என் நாய்க்கு 10 வயது. இனிமேல் குட்டி வாங்கக் கூடாதா?

வாங்கலாம். ஆனால் 2, 3 வயதான, ஆட்டோடு பழகிய, சாந்தமான வளர்ந்த நாய் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். காவலும் உடனே கிடைக்கும், கிழநாய்க்கும் தொந்தரவு இல்லை. குட்டிதான் கிடைத்தது என்றால் தனியாக அடைத்து வைத்து, நாளைக்கு இரண்டு மூன்று தடவை, கொஞ்ச நேரம் மட்டும், உங்கள் கண் முன்னால் பழக விடுங்கள்.

ஏற்கெனவே ஒரே ஈத்தில் இரண்டு குட்டி வாங்கிவிட்டேன். என்ன செய்ய?

தனித்தனி இடத்தில் படுக்க வையுங்கள். தனித்தனியாகச் சோறு, தனித்தனியாக நடைப்பழக்கம். தினமும் ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரமாவது நீங்கள் மட்டும் துணையாக இருங்கள். ஒன்றை நம்பிக்கையான உறவினருக்குக் கொடுக்க முடிந்தால், நாலு மாதத்துக்குள் கொடுப்பது இரண்டுக்குமே நல்லது.

நாய் எங்களில் ஒருவரைக் கடித்துவிட்டால்? வீட்டு நாய்தானே, ஊசி வேண்டுமா?

வேண்டும். 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், சொன்ன நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். வெறிநோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

மூத்த நாய் இறந்த பிறகு இளையது சோறு தின்பதில்லை. தானாகச் சரியாகுமா?

துணை போன ஏக்கம் நாய்க்கும் உண்டு. வழக்கமான நேரத்தில் சோறு வைத்து, கூடவே நடத்திக் கூட்டிப்போங்கள். இரண்டு நாளைத் தாண்டியும் தின்னவில்லை என்றால், உண்ணிக் காய்ச்சல் போல வேறு நோயும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். உடனே அவசரப்பட்டு இன்னொரு குட்டி கொண்டுவர வேண்டாம்.

இன்று எங்கள் தோட்டத்தில்

பயந்து ஒளிந்த அந்தச் செவலை, தட்டுத்தடுமாறித் தானாகவே காவல் கற்றது. அதற்கு 4 வயது ஆனபோது, இந்த முறை யாரையும் கேட்காமல் ஓர் ஆண் குட்டியை எடுத்து வந்தேன். பெயர் மணி. ஆட்டை எப்போது அணைக்க வேண்டும், வேலியோரம் எங்கே படுக்க வேண்டும் என்று நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. செவலையின் பின்னாலேயே திரிந்து மணி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. செவலைக்கு இப்போது 10 வயது, மணிக்கு 6. ராத்திரி வேலியைச் சுற்றி வருவது மணி. செவலை கட்டிலில் படுத்தபடியே தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுக்கும், அவ்வளவுதான். போன வாரம் மூன்றாவது குட்டியும் வந்துவிட்டது. மணிதான் அதற்கு வாத்தியார்.

அப்பா இப்போது சாளையில் உட்கார்ந்து மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். "கருப்பனுக்கும் இப்படி ஒண்ணைக் கூட விட்டிருக்கலாமுடா" என்றார் அன்றைக்கு. நான் பதில் சொல்லவில்லை.

மண் மாதிரி கொடுத்த விவசாயி முந்தாநாள் போன் செய்தார். இரண்டு குட்டி சொல்லியிருந்த இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாராம். கூடவே, உறவினர் தோட்டத்திலிருந்து 3 வயதான பெட்டைநாய் ஒன்றையும் கேட்டு வாங்கிவிட்டார். "கிழவனைக் கட்டில் மேல படுக்க வெச்சிருக்கறனுங்க சார்" என்றார்.

உங்கள் பட்டிநாய்க்கு என்ன வயது? நான்கைத் தொட்டிருந்தால், அடுத்த குட்டியைத் தேட இதுவே நேரம்.